தறிக்கூடத்துப் பேச்சு

மேவிஸின் வாய் அகலத் திறந்தது. குவிந்தது. மூடிக்கொண்டது.

சத்தம் இல்லை.

"பாவம், வலிக்குது போல," என்றாள் நர்ஸ். மருந்தைக் கூட்டப் போனாள்.

கட்டிலருகே இருந்த சிநேகிதி தடுத்தாள். வலி இல்லை, பேசுகிறாள் என்றாள்.

தொண்டையில் குழாய் இருக்கும்வரை குரல் வராது என்று நர்ஸ் விளக்கினாள். குழந்தைக்குச் சொல்வதுபோல, மெதுவாக.

குரல் எதற்கு?

பதினைந்து வயதில், ஒரே திங்கட்கிழமையில், அவளும் மேவிஸும் மான்செஸ்டர் மில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். போர் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. தறிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும்போது, காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்தவில்லை. உதட்டால் பேசினார்கள். புருவமும் கன்னமும் தோளும் கூடச் சேர்ந்து பேசும்.

அந்தப் பேச்சில் முணுமுணுப்பு கிடையாது. எதையும் முகம் முழுவதாலும் சொல்ல வேண்டும்.

மேஸ்திரி முதுகைக் காட்டினால் போதும். அந்த ஆள் மண்டைக்குள் இருப்பதும் பஞ்சுதான் என்று, நாலு தறி தள்ளி நின்று மேவிஸ் சொல்வாள். இந்தப் பக்கம், அறுந்த நூலை முடிந்துகொண்டே அவள் குலுங்கிச் சிரிப்பாள். மேஸ்திரி திரும்பும்போது இரண்டு முகமும் பிரார்த்தனையில் இருக்கும்.

மில் விட்டு வந்த பிறகும் காது இரைந்துகொண்டிருக்கும். குண்டு விழுந்த இடத்தில் செங்கற்களுக்கு நடுவே ஊதாப் பூக்கள் முளைத்திருந்தன. அந்த வழியாகத்தான் நடப்பார்கள். கையில், செய்தித்தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு வறுவல். தெரு அமைதியாகவே இருக்கும். ஆனாலும் ஓசையில்லாமல்தான் பேசுவார்கள்.

கரிப்புகை பனிபோல் தெருவில் இறங்கிய நாட்களில் முகம் தெரியாது. அன்றைக்குப் பேச்சு இல்லை. கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவள் வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கப்பல் வேலைக்கு வந்து தங்கிவிட்ட அப்பாவிடம் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்த அம்மாவுக்கு எரிச்சல். "வாயத் தொறந்தா சத்தம் வரணும்டி. மீனு மாதிரி என்னத்த அசைக்க?"

கட்டிலில் மேவிஸ் மறுபடியும் கேட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவளிடம் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

நான் எப்ப வீட்டுக்குப் போவேன்?

"அம்மா என்ன சொல்றாங்க, ஆன்ட்டி?"

கீத், மேவிஸின் ஒரே மகன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் கேட்டான். அம்மாவின் காது தறிச் சத்தத்திலேயே போய்விட்டது. ஆனால் எதிரே இருப்பவர் உதட்டைப் படித்துவிடுவாள். அவ்வளவு அவனுக்குத் தெரியும். அம்மாவின் உதட்டைப் படிக்க அவன் கற்றதில்லை.

சற்று முன் வராந்தாவில் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். அம்மா இனித் தனியாக இருக்க முடியாது. முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டது. அதற்காக வீட்டை விற்றாகிவிட்டது, சாவியும் கைமாறிவிட்டது. சொல்லும்போது அழுதான். இப்போதைக்கு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினான்.

அவன்மீது கோபப்படக்கூட அவளால் முடியவில்லை.

மேவிஸ் மணமாகிப் போன வீடு அது. முன்னறைச் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டியது அவளும் மேவிஸும்தான். பூக்கள் தலைகீழாக இருப்பதை ஒட்டி முடித்த பிறகே பார்த்தார்கள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"வீட்டுக்கு எப்பன்னு கேக்கறாங்க," என்றாள்.

கீத்தின் முதுகு அசையவில்லை. "ஏதாவது சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மேவிஸின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

முதல்ல உடம்பு தேறட்டும். மூச்சு சரியாகட்டும். அப்புறம் போகலாம்.

புருவத்தை உயர்த்தினாள். கன்னத்தை விரித்தாள். தோளைக்கூட ஆட்டினாள். சொல்லி முடித்த பிறகு அந்த முகத்தை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியவில்லை.

மேவிஸ் அவள் உதட்டைப் பார்க்கவே இல்லை.

கண்ணைப் பார்த்தாள்.

குழாயில் மூச்சு போய் வந்தது.

பிறகு மேவிஸின் வாய் அசைந்தது. சின்னதாக.

யார் வாங்கினது?

"என்ன சொன்னாங்க?" என்றான் கீத்.

அவள் கீத்தின் பக்கம் திரும்பினாள். "சரின்னு சொன்னாங்க."

அவன் வந்து குனிந்து அம்மாவின் தலைமீது கன்னத்தை வைத்துக்கொண்டான். கண்ணை மூடியிருந்தான். அவ்வளவு பெரிய ஆள், பாரம் முழுவதும் இறங்கியவன்போல் மூச்சு விட்டான்.

மேவிஸ் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பார்வை மட்டும் அவளிடமே இருந்தது.

அவள் உதட்டால் சொன்னாள். ஒரு சின்னப் பொண்ணும் அவ புருஷனும். கைக்குழந்தை இருக்காம்.

மேவிஸ் யோசித்தாள்.

பின்வாசல் கதவு, என்றாள். மழைக்கு இறுகிக்கும். இழுத்தா வராது, கொஞ்சம் தூக்கித் தள்ளணும். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு.