சுவரில் ஓர் ஏரி

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தூக்குங்க. மலை சாயுது.”

“மலை சாயல. எனக்குத்தான் தோள் சாயுது,” என்றான் கணவன், ஸ்டூலின் மேல் நின்றபடி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைகளே கதவளவு இருந்த அந்த ஃபிரேமைப் பிடிக்க முடியாமல் திணறின.

மனைவி ஃபிரேம் போடும் கடையில் வேலை பார்ப்பவள். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன, கண்ணாடி போடாத ஃபிரேமை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். உள்ளே பச்சை மலை, அடியில் ஏரி, ஏரியில் ஒற்றைப் படகு. நீர்வண்ண ஓவியம், ஒரு நிறம் மெல்லக் கசிந்து அடுத்த நிறத்துக்குள் போயிருந்தது. பார்த்தால் ஓவியம்தான். தொட்டால் துண்டு. இரண்டு வருடத்துக்கு முன் கடற்கரைக்குப் போனபோது வாங்கியது.

“போன வாரம் வரைக்கும் இதுலதான் தலை துவட்டினேன்,” என்றான்.

“வர்றவர்கிட்ட அதையும் சொல்லிடுங்க. ரொம்ப சந்தோஷப்படுவாரு.”

துண்டுக்குப் பின்னால் சுவரில் ஈரம். குளியலறைக் குழாய்க் கசிவு. மூன்று தடவை பெயிண்ட் அடித்தார்கள். மூன்று தடவையும் கறை திரும்ப வந்தது. குழாயை மாற்றலாம் என்றால் சுவரை உடைக்க வேண்டும். சுவரை உடைக்கலாம் என்றால் கையில் வாடகை வந்தாக வேண்டும். எட்டு மாதமாக மாடி காலி. பார்க்க வந்த நான்கு குடும்பமும் “சொல்லி அனுப்புறோம்” என்று படி இறங்கியவர்கள்தான்.

மகளுக்கு வெளியூர் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இந்த வாடகை வந்தால்தான் விடுதி. சேர இன்னும் பத்தே நாள். அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வளைய வந்தாள். அதுதான் இருவருக்கும் தாங்கவில்லை.

புரோக்கர் போன் செய்தார். “வந்துட்டிருக்காரு. தனி ஆள், தங்கமான மனுஷன். ஆனா ஒண்ணு. எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல சுவரைத்தான் பார்ப்பாரு. ஒரு சுவர் விடமாட்டாரு.”

கணவன் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். “உண்மையைச் சொல்லிடலாமா?”

“சொல்லிச் சொல்லித்தானே எட்டு மாசம் ஆச்சு. நீங்க வாயே திறக்காதீங்க. உங்க முகமே காட்டிக் கொடுத்துடும், ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க.”

பெரியவர் வந்தார். சமையலறையை எட்டிப் பார்த்து “நல்லாருக்கு” என்றார். தண்ணீர் எப்போது வரும் என்றுகூடக் கேட்கவில்லை. கூடத்துக்குள் நுழைந்தவர், அந்தச் சுவருக்கு எதிரே அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, அந்த ஜன்னலைத் திறக்கிறீங்களா? வெளிச்சம் பத்தல.”

“வெயில் அடிக்கும் சார். பால்கனியைப் பாருங்களேன், காத்து அள்ளிட்டுப் போகும்,” என்று மனைவி குறுக்கே புகுந்தாள்.

“பால்கனி எங்கம்மா போகப் போகுது.”

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை நெருங்கினார். மேலிருந்து கீழ்வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது கீழ் மூலையை விரலால் தடவினார். கறை சரியாக அந்த மூலைக்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது. கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூலை மடிப்பிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டி தலை நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அதை வாய்விட்டுப் படித்தார்.

“தனியாகத் துவைக்கவும். முறுக்கிப் பிழிய வேண்டாம்.”

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் அதை வெட்ட மறந்திருந்தாள்.

“சார், அது துண்டுதான்,” என்றான் கணவன். மனைவி முறைத்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. “பின்னாடி சுவர் பூரா ஈரம். அதை மறைக்கத்தான் மாட்டினோம். உங்களை ஏமாத்தி வெச்சுட்டு எனக்குத் தூக்கம் வராது.” ஃபிரேமின் அடியைத் தூக்கிக் கறையையும் காட்டினான்.

பெரியவர் கறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மறைக்கிறதுன்னா ஒரு காலண்டரை மாட்டியிருக்கலாமே. இது எதுக்கு?”

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இனி என்ன மறைக்க இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னாள். “வேற படம் கடையில நெறைய இருக்கு சார். இதுதான் மனசுக்குப் பிடிச்சுது. மாட்டிட்டு, எதுக்கு மாட்டினோம்கிறதையே மறந்துட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னோம்.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

“நாளைக்கே குடி வர்றேன். அட்வான்ஸ்ல குழாயை மாத்திடுங்க. பேனா இருக்கா?”

கணவன் கீழே ஓடி, வாடகைப் பத்திரத்தையும் பேனாவையும் எடுத்து வந்தான்.

“இது மெல்லிசா எழுதும். பட்டையா எழுதற மாதிரி ஏதாவது?”

கடையில் கண்ணாடிக்குக் குறி போடும் மார்க்கரை மனைவி பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பெரியவர் பத்திரத்தை வாங்கவில்லை. மறுபடியும் படத்தின் முன்னால் குனிந்து, துண்டின் வலது கீழ் மூலையில் நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

“வரைஞ்சப்போ இதே எடத்துலதான் கையெழுத்து போட்டிருந்தேன். துண்டுல அச்சடிச்ச கம்பெனிக்காரங்க வெட்டிட்டாங்க,” என்றார். “சுவர் காஞ்சதும் இதைக் கீழே உங்க வீட்டுல மாட்டிக்குங்கம்மா. நாப்பது வருஷமா வரையறேன், போற வீட்டுலயெல்லாம் தேடறேன். என் படம் ஒருத்தர் வீட்டுச் சுவர்ல தொங்கறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்.”