ஆன் தி வே

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே மறுபடியும் அவருக்குப் போன் அடித்தேன்.

"ஆன் தி வே" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் ஊர் உலகத்தில் அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டு அகராதியே வேறு. இழுத்துச் சொன்னால் இன்னும் போர்வைக்குள் இருக்கிறார். வாய் குழறினால் பல் தேய்க்கிறார். "ஆன் தி வேதாம்மா" என்று குழைந்தால் வண்டிச் சாவியைத் தேடுகிறார். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்சம் நம்பலாம்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஐஸ் உருகி, தரையெல்லாம் வெள்ளமாகி, அதைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் போய் நிற்பார். வேலையைப் பார்த்தபின் யாருக்கும் திட்ட மனசு வராது. திட்டுவதற்கென்று வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன்.

தெருவில் அவருக்குப் பெயரே அதுதான். என்னையும் 'ஆன் தி வே வீட்டம்மா' என்கிறார்கள்.

எங்கள் கல்யாணத்தன்றே மாப்பிள்ளைக்காக மண்டபம் காத்துக் கிடந்தது. மகள் பிறந்தபோது அவருக்கு முன்னால் அவள் வந்துவிட்டாள்.

இன்றைக்குமா?

வயிற்றுக் கட்டியை எடுக்கப் போகிறார்கள். பெரிய ஆபரேஷன். மயக்க ஊசி போட்டால் திரும்பக் கண் விழிப்பேனா என்ற பயம் ஒரு வாரமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. உள்ளே போகும் முன் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்று நேற்று மாலை அவரை அனுப்பியபோதே படித்துப் படித்துச் சொன்னேன்.

போனில் ஹாரன் இல்லை. வண்டிச் சத்தமும் இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் மட்டும் கேட்டது. சரிதான், இன்னும் குளியலறையில் நிற்கிறார் என்று முடிவு கட்டினேன்.

"என் உயிரே போனாலும் நீங்க ஆன் தி வேலதான் இருப்பீங்க!"

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. வராந்தா நெடுகத் திட்டிக்கொண்டே போனேன். மறந்துபோன பழைய சண்டைகளெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. மாமியாரின் வளர்ப்பு வரைக்கும் போய்விட்டேன். அவர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைக்கவில்லை.

தியேட்டர் வாசல் வந்ததே தெரியவில்லை.

நர்ஸ் என் போனையும் கம்மலையும் வாங்கிக்கொண்டு பக்கத்துக் கதவைத் தள்ளி வெளியே போனார். போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

"யார்கிட்ட குடுத்தீங்க சிஸ்டர்? எனக்குன்னு யாருமே வரலையே."

என் தலைமுடியைத் தொப்பிக்குள் ஒதுக்கியபடி நர்ஸ் சிரித்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டதான். விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு. இந்தப் படிக்கட்டுலயேதான் உக்காந்திருக்காரு. உள்ள வாங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டேன். 'நான் அழுதுடுவேன் சிஸ்டர், அதப் பாத்தா அவ பயந்துடுவா. என்னைத் திட்டிக்கிட்டே உள்ள போகட்டும்'னுட்டாரு."

பாவி மனுஷன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நேரத்துக்கு வந்திருக்கிறார். அதையும் சொல்லவில்லை.

நெஞ்சில் கிடந்த கல்லைத் தேடினேன். வராந்தாவில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. இப்போது மனசு முழுக்க அதுதான் இருந்தது, வாயில்தான் வரவில்லை.

"அவர்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றார் நர்ஸ், கதவைப் பிடித்தபடி.

"நான் எங்கேன்னு கேட்டா, ஆன் தி வேன்னு சொல்லுங்க."