நெடுந்தீவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்

மணலில் முன் பிறேக்கைத் தொட்டதும் வெள்ளை மோட்டார் சைக்கிள் ஜெனீற்றாவைக் கீழே போட்டுவிட்டது.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். உள்ளங்கை சிராய்ந்திருந்தது. வலியை விட வெட்கம்தான் அதிகம்.

ஆறு வருடமாகத் தார் றோட்டில் ஹொண்டா 90 ஓடுபவள் அவள். வேலணையிலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வரை, கச்சான் காற்றிலும் மழையிலும், ஒருநாளும் விழுந்ததில்லை.

மணலில் முன் பிறேக்கை மறந்துவிட வேண்டும் என்றார் பிலிப்பு. குழிகள் வந்தால் இருக்கையை விட்டு எழுந்து நின்று ஓட வேண்டுமாம்.

ஊர்காவற்றுறைக் கடற்கரையோரம் அவருடைய பட்டறை. மிதிவெடி அகற்ற வந்தவர்கள் கழித்துவிட்ட மேடுபள்ளத்தில் ஓடும் ட்ரெயில் மோட்டார் சைக்கிள்கள் மூன்று அங்கே நின்றன. பழைய ஹொண்டாவைக் கொடுத்துவிட்டு அவற்றில் ஒன்றை எடுப்பதாகப் பேச்சு.

ஜெனீற்றா குடும்பநல மாது. வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது அவளுடைய வேலை. அடுத்த மாதம் நெடுந்தீவுக்கு மாற்றம். அங்கே தார் றோட்டு கொஞ்சம். மிச்சமெல்லாம் மணலும் கல்லும்.

மாற்றம் கேட்கலாம் என்று தொடங்கியவன் அவளுடைய கணவன் மிரோஜன். குவாட்டர்ஸ் கிடைக்கும், தான் ஒரு சின்னக் கடை போடலாம், இருவருமாகப் புதிதாகத் தொடங்கலாம் என்றான். மார்கழியில் விண்ணப்பத்தை அவனே இடக்கையால் எழுதினான்.

அவனுடைய வலக்கையில் மூன்று விரல்களை ஷெல் கொண்டுபோயிருந்தது. அதனால் அவன் மோட்டார் சைக்கிள் ஓடுவதில்லை. ஆறு வருடமும் அவள்தான் ஓடினாள். அவன் பின்னால் இருந்தான். சந்தியில் நிற்பவர்கள் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

வெள்ளையில் இருவர் தாராளமாக இருக்கலாம். அதனால்தான் அதை முதலில் எடுத்தாள். பின்னால் ஏறிப் பார்க்கச் சொன்னபோது, முதலில் நீர் ஓடிப் பழகும் என்று மிரோஜன் வேலியோரமாய் ஒதுங்கிக்கொண்டான்.

நீலம் உயரம் கூட. இருந்தால் கால் நிலத்தில் எட்டவில்லை.

சிவப்பில் ஏறியதும் இரண்டு பாதமும் நிலத்தில் நின்றன. மணலில் திருப்பினாள், திரும்பியது. குழிக்குள் விட்டு எழுந்து நின்றாள். அடியில் அது துள்ளியது, அவள் ஆடவில்லை. கடற்கரை முடியுமட்டும் போய்த் திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதைத்தான் எடுப்பதென்று மிரோஜனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

இறங்கிச் சுற்றிப் பார்க்கும்போதுதான் கவனித்தாள். பின்னால் இருப்பவர் கால் வைக்க அதில் ஒன்றும் இல்லை. புட்றெஸ்ட் இரண்டையும் பூட்டித் தரமுடியுமா என்று பிலிப்புவைக் கேட்டாள்.

“உள்ளை கிடக்கு மிஸ். போன கிழமை இந்தத் தம்பி வந்து இதைத்தான் உங்களுக்கெண்டு எடுத்து வைக்கச் சொன்னவர். ஒராள்தானே, வள்ளத்திலை ஏத்தப் பாரமில்லாமல் கழட்டிவிடுங்கோ எண்டார்.”

சொல்லிவிட்டு, அவற்றை எடுத்துவர அவர் உள்ளே போனார்.

ஜெனீற்றா மிரோஜனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

அதன் பிறகு அவனாகவே சொன்னான். நோர்வேயிலிருக்கும் தமையன் அவனை அங்கே கூப்பிட அலுவல் பார்த்தாராம். விசா கார்த்திகையிலேயே வந்துவிட்டதாம். பன்னிரண்டாம் திகதி கொழும்பிலிருந்து விமானம்.

கார்த்திகை. விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முந்தி.

“எனக்கும் அலுவல் பாத்தனீங்களோ?”

அவன் மறுபடியும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்படியென்றால் ஏன் நெடுந்தீவு என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

“வேலணையிலை இருந்தால் நீர் போற ஒவ்வொரு வீட்டிலையும் என்னைப் பற்றிக் கேப்பினம். அங்கை ஆருக்கும் என்னைத் தெரியாது.”

அவளுடைய நன்மைக்குச் செய்ததுபோல அதைச் சொன்னான்.

அவள் சிவப்பு மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். அவளுடைய உயரம், கால் நீளம், கையின் பலம் எல்லாவற்றுக்கும் அளந்து செய்ததுபோல நின்றது. ஆறு வருடம் முதுகுக்குப் பின்னால் இருந்தவனுக்கு அவளைத் தெரிந்திருந்தது. தனியாகப் போகிறவளுக்கு எது சரியென்று ஒரு கிழமைக்கு முன்னரே வந்து பார்த்து வைத்துவிட்டு, இன்றைக்கு அவள் வெள்ளையில் விழுவதையும் நீலத்தில் எட்டாமல் தவிப்பதையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவன் எடுத்தது சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பிலிப்பு புட்றெஸ்ட் இரண்டையும் எண்ணெய்த் துணியால் துடைத்தபடி வந்தார். இருவருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பூட்டுவதா விடுவதா என்று தயங்கினார்.

“பூட்டுங்கோ அண்ணை,” என்றாள் ஜெனீற்றா. “அங்கை பிள்ளைத்தாச்சியளை ஆசுப்பத்திரிக்கு ஏத்தோணும்.”

அவர் குந்தியிருந்து பூட்டி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு நட்டும் இறுகிவிட்டதா என்று தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

பிறகு ஹொண்டாவின் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுச் சிவப்பில் ஏறினாள். வேலணைப் பக்கம் போகிற பஸ் ஐந்து மணிக்குச் சந்தியால் வரும் என்று மிரோஜனிடம் சொன்னாள்.