இந்த வாரம் எந்த வீடு?

"இந்த வாரமும் இடம் மாத்தியாச்சும்மா" என்றாள் தையல்காரி, சந்து முனையிலேயே வந்து நின்று.

போஸ்டாபீஸ் அம்மாவுக்குச் சுருக்கென்றது. "மறுபடியுமா? இப்ப எங்கே?"

"இங்கேதாம்மா. இஸ்திரிக் கடையில."

அதைக் கடை என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். ரோட்டை ஒட்டி நாலு தகரம், மேலே ஒரு தார்ப்பாய். மேஜையை வெளியே இழுத்துப் போட்டு, இஸ்திரிக்காரர் வெயிலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டுப் பெண்கள் நோட்டும் கையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

முப்பத்தோரு வருஷம் போஸ்டாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர் அவர். ரிட்டையர் ஆனதும், 'நிரப்பிக் கொடுத்தது போதும், இனி கத்துக் கொடுப்போம்' என்று சனிக்கிழமைதோறும் இந்தக் குடிசைப் பகுதிக்கு வர ஆரம்பித்தார். சம்பளமும் கிடையாது, கிம்பளமும் கிடையாது. "அங்கே இருக்கிறவங்கள்லாம் எனக்குக் கூடப் பிறந்தவங்க மாதிரி" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஐந்து மாதத்தில் இது நாலாவது இடம்.

முதலில் மேட்டில் இருந்த தையல்காரியின் வீடு. ஃபேன், டியூப்லைட், விசாலமான அறை, ராஜ மரியாதை. இரண்டே மாதத்தில், "விருந்தாளிங்க வந்திருக்காங்கம்மா" என்று கொத்தனார் வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே பாதி இடத்தைக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. அப்புறம், "கூரை ஒழுகுதும்மா" என்று மளிகைக் கடையின் பின்பக்கம். மூட்டைகளுக்கு நடுவே, எலிக்கும் சேர்த்துப் பாடம் நடந்தது. இப்போது தகரக் கொட்டகை.

எந்த விருந்தாளி மூன்று மாதம் தங்குவார்? எல்லாம் சாக்கு. வேண்டாதவரை 'எழுந்து போ' என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்குத் தள்ளுவார்கள்.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தச் சனிக்கிழமையை நம்பித்தான் மற்ற ஆறு நாளையும் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா, உன் பொழைப்பைக் கெடுத்துட்டு இங்கே எதுக்கு வகுப்பு?" என்றார் இஸ்திரிக்காரரிடம்.

"பரவாயில்லம்மா. வெளியதான் காத்தோட்டமா இருக்கு." சொல்லும்போதே மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

"உட்காருங்கம்மா" என்று ஒருத்தி நாற்காலியைத் துடைத்தாள்.

"உட்காரலை. ஒண்ணு சொல்லிட்டுக் கிளம்பறேன். அடுத்த வாரத்திலேருந்து நான் வரமாட்டேன்."

எட்டுப் பேனாக்களும் அப்படியே நின்றன.

"பூனை குட்டியைக் கவ்விக்கிட்டு அலையுற மாதிரி என்னை வீடு வீடா மாத்தறீங்க. பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்களேன். அடுத்து எங்கே, நடு ரோடா?"

இஸ்திரிக்காரரின் மனைவி, தையல்காரியை முழங்கையால் இடித்தாள். "சொல்லுக்கா. போயிடப் போறாங்க."

"சொன்னா வருத்தப்படுவாங்கடி."

"சொல்லாமலே வருத்தம்தானே படறாங்க?"

தையல்காரி எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"முதல் மாசம் எங்க வீட்டுக்கு அம்பது படியையும் ஒரே மூச்சுல ஏறி வந்தீங்கம்மா. அப்புறம் நடுவுல நாலு இடத்துல நின்னீங்க. ஃபோன் பாக்குற மாதிரிதான் நிப்பீங்க. ஆனா இன்னொரு கை முழங்காலைப் பிடிச்சுக்கிட்டிருக்கும்."

போஸ்டாபீஸ் அம்மாவின் கை தானாக முழங்காலுக்குப் போனது. அந்த வலியைப் பற்றி, தினமும் ஃபோனில் பேசும் மகளிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை. தெரிந்தால், வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டுவிடுவாள்.

"வலிக்குதான்னு கேட்டா, கூச்சப்பட்டுக்கிட்டு வராம நின்னுடுவீங்களோன்னு பயம். அதான் கேக்காம, வகுப்பை முதல்ல பாதி மேட்டுக்கு இறக்கினோம். அங்கே வரவும் கஷ்டப்பட்டீங்க. மளிகைக் கடைக்குப் பத்தே படிதான்னு அங்கே இறக்கினோம். போன வாரம் அந்தப் பத்துக்கே செவுத்தைப் பிடிச்சீங்க. இங்கே படியே இல்லம்மா."

வெளியிலிருந்து இஸ்திரிக்காரர் குரல் கொடுத்தார். "போன வாரம் எங்க வீட்டுக்காரி எல்லா துணி மூட்டைக்கும் அவளே பேரு எழுதிட்டாம்மா. அதுக்கு ஒரு மணி நேரம் வெயில்ல நின்னா நான் என்ன, கரைஞ்சா போயிடுவேன்?"

போஸ்டாபீஸ் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டுப் பேர் கூடிப் பேசி, பொய்க்கு மேல் பொய் சொல்லி, தன் காலுக்காக ஒவ்வொரு வீடாக இறங்கி வந்திருக்கிறார்கள். பெற்ற மகளுக்குத் தெரியாத வலி இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாய்விட்டு நன்றி சொல்ல நினைத்தார்.

"பைத்தியக்காரிங்களா" என்று மட்டும்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வலி இன்னும் ஜாஸ்தியாச்சுன்னா அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றார்.

தையல்காரி தலையைச் சொறிந்தாள்.

"அதாம்மா எங்களுக்கும் தெரியலை. இதுக்கு மேல இறங்கி வர எங்ககிட்ட இடம் இல்லை."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது தெருவில், ஒரு படிகூட ஏற வேண்டாத தன் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம் என்பது, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் போஸ்டாபீஸ் அம்மாவுக்கு உறைத்தது.