நாலு சக்கரமும் இழுக்கிற கார்

மருந்துக் கடைக்காரர் ஆசை ஆசையாக ஒரு கார் வாங்கினார். அளவில் சின்னதுதான், ஆனால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மலை மேலேயே ஏறும் சார்!" என்பார். ஆனால் தார் ரோட்டை விட்டு அதை அவர் இறக்கியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியானால் போதும், வீட்டில் அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் சண்டை மூண்டுவிடும்.

"ஜன்னலைச் சாத்துன்னு எத்தனை தடவ சொல்றது?"

"அப்புறம் காத்து எப்படி அத்தை வரும்?"

கார் சாவி சமையலறையில், அந்த இருவருக்கும் நடுவே தொங்கும். அதை எடுக்கத் துணிச்சல் இல்லாமல், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்கு நழுவிவிடுவார். ஐந்து மணிக்குத் திரும்பினால் வீடு கப்சிப்பென்று இருக்கும். கார் சக்கரங்களில் மட்டும் சேறு அப்பியிருக்கும். எல்லாம் எதிர்வீட்டு நாயின் வேலை என்று திட்டிக்கொண்டே கழுவுவார்.

அன்று பூங்கா பூட்டியிருந்தது. ஏரிப் பக்கம் நடந்தார். அங்கே வழுக்கும் சேற்று மேட்டில் ஒரு கார் உறுமிக்கொண்டு ஏறியது. உள்ளிருந்து யாரோ 'ஹோ'வென்று கூவினார்கள். நம்பரைப் பார்த்தார். அவருடைய கார்!

"ஐயோ, திருடன்! திருடன்!" என்று அலறியபடி ஓடினார்.

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அம்மா. பக்கத்தில் மனைவி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! நீங்க ரெண்டு பேரும்... அப்போ அந்தச் சண்டையெல்லாம்?"

"சண்டை போட்டாத்தானேடா நீ காரை விட்டுட்டு ஓடுறே!"