ரம்புத்தான் கட்டையில் ஐந்து பெயர்கள்

தாம் பிறந்து வளர்ந்த கிள்ளான் வீட்டைச் சென்ற மாதம் விற்றுவிட்ட இந்திராணி, அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். லோரி நிறைய ரம்புத்தான் கிளைகள். அருகே ஒருவர் சிறு மரத்துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்த வெட்டமாட்டேன்னு உங்க பாஸ் ஏஜென்ட்கிட்ட வாக்குக் கொடுத்தாரே! என்ன அண்ணே அநியாயம் இது?"

"கோவப்படாதீங்க லா அக்கா. சாவி மாட்டற கட்டைதான் செய்யறேன்."

"கூடப்பொறந்தவங்க நாங்க அஞ்சு பேரும் ஏறி விளையாண்ட மரம். அதச் சாவிக்கட்டையாக்கி பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில விக்கப்போறீங்களா?"

அவர் ஐந்து துண்டுகளையும் நீட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மூன்றாவதில், 'இந்திராணி'.

"இந்தப் பேரெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல அடிமரத்துல செதுக்கி வச்சிருக்கீங்களே! கரண்ட் ஒயர்ல இடிச்ச கிளைங்கள மட்டுந்தான் வெட்டினோம். மரம் பின்னால அப்படியே நிக்குது, போய்ப் பாருங்க."

இந்திராணி பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்தபடி திரும்பினார்.

"உங்க பாஸுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்கண்ணே."

"வீட்ட வாங்கினதே நான்தான் அக்கா. பேரு ஹனிபா. அஞ்சுலயும் பின்கேட்டுச் சாவி மாட்டித் தரேன். பழம் பழுத்தா யாரையும் கேட்காம வந்து பறிச்சுக்குங்க."