புது டயர்

அந்த டாக்ஸி ஸ்டாண்டில் வண்டி போடும் ஒரே பெண் ரெஜினா. டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவள் காரின் பின்டயரை யாரோ கத்தியால் கிழித்திருந்தார்கள். மற்ற டிரைவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெப்னியைத் தானே மாட்டிக்கொண்டு, கிழிந்த டயரோடு பஞ்சர் கடைக்குப் போனாள்.

"ஆணி குத்துனதுன்னா ஒட்டிரலாம்மா. பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு, ஒட்டு நிக்காது" என்றார் கடைக்காரர் அந்தோணி. "பழசு ஒண்ணு தாறேன். புதுசு போட்டா அதையும் கிழிப்பானுவ."

"பழசு போட்டா நான் பயந்துட்டேன்னு ஆயிரும். புதுசே போடுங்கண்ணே."

அவள் திரும்பி வந்தபோது அவளுடைய இடத்தில் வேறொரு டாக்ஸி நின்றது. உள்ளே இருந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். ரெஜினா நடுச்சாலையிலேயே வண்டியை நிறுத்தினாள். ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.